ஸ்டென்ட் வைத்தவருக்குக் களி கொடுக்கலாமா, தோட்டத்துக்கு எப்போது அனுப்பலாம்?

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளியும் மாந்தோப்பும் வைத்திருக்கும் உங்கள் அப்பாவுக்கு 52 வயது. மூன்று வாரத்துக்கு முன் மாரடைப்பு வந்து, ஒரு ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு வந்துவிட்டார். சர்க்கரை இருப்பதும் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. கேழ்வரகுக் களியை நிறுத்திவிட்டு ஓட்ஸ் கொடுக்கலாமா, தோட்டத்துக்கு எப்போது அனுப்பலாம், இருபது வருடப் பீடியை எப்படி விடவைப்பது, சொந்தக்காரர் சொன்ன பூண்டு இஞ்சிக் கஷாயத்தைக் குடித்தால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று நான்கு கேட்டிருக்கிறீர்கள். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: இன்னொரு அட்டாக் வராமல் இருக்க எதை இன்றைக்கே மாற்ற வேண்டும், எதை மெதுவாக மாற்றினால் போதும்?

என் வரிசை இது. முதலில் மாத்திரை. அதற்குச் சமமாகப் பீடி. அடுத்து நடை. பிறகு உப்பும் எண்ணெயும். களியா ஓட்ஸா என்பது கடைசி. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. வீட்டுக்கு வந்த மறுநாளே சாப்பாட்டை அடியோடு மாற்றிவிடுகிறார்கள். மூன்றாம் மாதம் ‘உடம்பு தேறிவிட்டது’ என்று மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். ஒன்றை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் இ.எஃப். என்று போட்டு ஒரு சதவீதம் இருக்கும். அது 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் கீழே எழுதுவது பொருந்தும். அதைவிடக் குறைவு என்றால், குறிப்பாக 40-க்குக் கீழே என்றால், நடை, குடிக்கும் தண்ணீர், தோட்ட வேலை மூன்றுக்கும் கணக்கு வேறு. அதை அவரைப் பார்த்துவரும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

மாத்திரையை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், ஸ்டென்ட் என்பது வலைபோன்ற ஒரு உலோகக் குழாய். ரத்தக்குழாயின் உள்தோல் அதன்மேல் படர்ந்து மூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள்தான். தட்டணுக்கள் அதில் ஒட்டி உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரின் 75-உடன் குளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரிலர் என்று இன்னொன்றும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மாரடைப்புக்காக வைத்த ஸ்டென்ட்டுக்கு இரண்டும் சேர்ந்து வழக்கமாக 12 மாதம், அதற்குப் பிறகு ஒன்று மட்டும் ஆயுளுக்கும். ரத்தக்கசிவு அபாயம் இருப்பவர்களுக்கு மருத்துவர் இந்தக் காலத்தைக் குறைப்பதும் உண்டு. அது அவர் எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். முதல் சில மாதங்களில், அதிலும் முதல் மாதத்தில், தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென்று அடைத்துக்கொள்ளலாம், அப்படி அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்க வேண்டியிருந்தால்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். டிகாக்ரிலர் கொடுத்திருந்தால் அது காலை ஒன்று, இரவு ஒன்று. இரவு வேளையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், அதன் வேலையோ ஒரு நாள் முழுக்கத் தாங்காது. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம், வழக்கம்போல ஒன்று போதும். மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

மறதியை விட, மாத்திரை தீர்ந்துபோவதுதான் பெரிய பிரச்சினை. டவுனுக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று நான்கு நாள் தள்ளிப்போகும். அட்டையில் ஏழு நாளுக்கு மட்டும் மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுவது என்று வீட்டில் ஒரு விதி வையுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அரசு மாத்திரை எடுத்துக்கொண்டால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தத் திட்டமே 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவையுங்கள். இதயத்துக்கான மற்ற மாத்திரைகள் எங்கே கிடைக்கும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

இனி கஷாயம். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சும் அந்தக் கலவை அடைப்பைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றுகிறது. கரைக்காது. ரத்தக்குழாயின் சுவருக்குள் கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகியிருக்கும் படிவை வயிற்றில் ஊற்றும் புளிப்பு எட்டவே எட்டாது. பூண்டு கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு, அவ்வளவுதான். குழம்பில் போடும் பூண்டு நல்லது. தினம் டம்ளர் கணக்கில் பூண்டுச் சாறு என்றால், ஏற்கெனவே ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை போடுபவருக்கு ரத்தக்கசிவு கூடலாம். புளிப்பும் காரமும் ஆஸ்பிரினோடு சேர்ந்து வயிற்றைப் புண்ணாக்கும். அப்புறம் வரும் நெஞ்செரிச்சல் நெஞ்செரிச்சல்தானா, நெஞ்சுவலியா என்று நடுராத்திரியில் வீடே குழம்பும்.

மாத்திரையைக் குறைக்க முடியுமா என்ற கேள்விக்கு நேர்ப்பதில்: சிலவற்றை முடியலாம், சிலவற்றை முடியாது. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் கெட்ட கொலஸ்ட்ரால், அதாவது எல்.டி.எல்., சுமார் 10 முதல் 15 சதவீதம் குறையும். அடோர்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை 40 அல்லது 80 அதைப் பாதியாகக் குறைக்கும். ஒரு முறை அட்டாக் வந்தவருக்கு எல்.டி.எல். குறைந்தபட்சம் 70-க்குக் கீழே வர வேண்டும், 55-க்குக் கீழே என்பதுதான் இன்று பல வழிகாட்டுதல்களின் இலக்கு. வாயைக் கட்டி மட்டும் அந்த எண்ணைத் தொட முடியாது. அது மட்டுமில்லாமல் இந்த மாத்திரை மிச்சமிருக்கும் படிவுகள் வெடிக்காமல் உறுதியாக்கவும் செய்கிறது. அதனால் ரிப்போர்ட் நார்மல் ஆகிவிட்டது என்று நிறுத்துவது தவறு, நார்மல் ஆனதே மாத்திரையால்தான். கை கால் சதை தாங்க முடியாமல் வலித்தால் மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், வேறு மாத்திரையும் இருக்கிறது. மாறாக, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எடை குறைந்து, நடை கூடி, உப்பு குறையும்போது உண்மையாகவே குறைய வாய்ப்புண்டு. இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குக் கீழே வருவது நம் ஊர் ஆண்களுக்கு நல்ல இலக்கு.

மருத்துவ உலகமே இன்னும் ஒருமுகமாக இல்லாத இடம் மெட்டோப்ரோலால் போன்ற இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. பம்பிங் குறைந்தவர்களுக்கு அது அவசியம், அதில் சந்தேகமில்லை. பம்பிங் நன்றாக இருப்பவர்களுக்கு அதைப் பல வருடம் தொடர்வதால் பலன் உண்டா என்பதில் 2024-க்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆகவே ஒரு வருடம் கழித்து ‘இது இன்னும் தேவையா?’ என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறி நெஞ்சுவலி வரலாம், ஆகவே அதைச் செய்ய வேண்டாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இந்த இரண்டு மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்ததே அதற்காகத்தான். வருடக்கணக்கில் போர் தண்ணீர் குடித்தவர்களுக்கு முழங்கால், இடுப்பு, கழுத்து எல்லாம் வலித்து விறைக்கும். வலிக்கு மெடிக்கலில் இரண்டு மாத்திரை, முடியாவிட்டால் ஒரு ஊசி என்பது இங்கே பழக்கமாகிவிட்டது. அந்த மாத்திரையிலும் ஊசியிலும் பெரும்பாலும் இருப்பது டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை. அட்டாக் வந்தவர்களுக்கு இவை மறு அட்டாக்கின் அபாயத்தைக் கூட்டும், ரத்தக்கசிவைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஐபுபுரூஃபன் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் 500 அல்லது 650. அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கடைக்காரரிடம் ‘ஸ்டென்ட் வைத்தவர்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்கச் சொல்லுங்கள். வயிற்றுக்கு மாத்திரை கேட்கும்போதும் இதே எச்சரிக்கை: குளோபிடோக்ரல் போடுபவருக்கு ஒமிப்ரசோல் அதன் வேலையைக் குறைக்கலாம், பான்டோப்ரசோல் மேல். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்துவையுங்கள். ஃபுளோரைடு கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவுதான் கூடும்.

பீடிக்கு வருவோம். அட்டாக் வந்தபின் புகையை விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிட, சாவின் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இவ்வளவு பலன் தரும் வேறு பழக்க மாற்றம் கிடையாது. ‘குறைத்துக்கொள்கிறேன், நாளைக்கு இரண்டுதான்’ என்பதை ஏற்காதீர்கள். ரத்தக்குழாய் சுருங்குவதற்கும் ரத்தம் கெட்டிப்படுவதற்கும் இரண்டு பீடியே போதும். ஹான்ஸ், பான்பராக் வகைக்கு மாறுவதும் விட்டதாகாது. இப்போது உங்கள் கையில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவர் ஏற்கெனவே நிறுத்தியிருப்பார். உடல் படுத்தும் பாடு முதல் வாரத்தில் உச்சம், மூன்று நான்கு வாரத்தில் தணிந்துவிடும். அந்தக் கட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது இடமும் வேளையும்: டீ குடித்ததும், சாப்பிட்டு எழுந்ததும், மோட்டார் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்ததும், சந்தையில் தரகுக்காரருக்குக் காத்திருக்கும்போதும். ஒரு தடவை வரும் ஆசை சில நிமிடம்தான் நிற்கும். அந்த நேரத்துக்குச் சட்டைப்பையில் வறுக்காத சீரகமோ கிராம்போ இருக்கட்டும். டீயைக் கடையில் குடிக்காமல் சில மாதம் வீட்டிலேயே குடிக்கட்டும். முடியவில்லை என்றால் மருத்துவரைக் கேட்டு நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம் தொடங்கலாம். அதைச் சாதாரண பபிள்கம்போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். நான்கைந்து முறை மென்று, சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும், இப்படி அரை மணி நேரம். டீ குடித்து கால் மணி நேரம் கழித்துத்தான் வாயில் போட வேண்டும். தேசியப் புகையிலை விடுவிப்பு உதவி எண் 1800-112-356, கட்டணம் கிடையாது. அப்பா பேசத் தயங்கினால் முதலில் நீங்கள் பேசிப் பாருங்கள்.

நடையை இன்றைக்கே தொடங்கலாம், தொடங்கியிருக்கவும் வேண்டும். மூன்றாவது வாரத்தில் சமதரையில் ஒரு வேளைக்கு 10 முதல் 15 நிமிடம், காலை மாலை இரு வேளை. வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் ஏழெட்டு வாரத்தில் ஒரே மூச்சில் 30 முதல் 40 நிமிடம் வந்துவிடும். வேகத்துக்கு நாடித்துடிப்பை எண்ணாதீர்கள். மெட்டோப்ரோலால் போடுபவருக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, எண்ணிக்கை ஏமாற்றும். பேச்சுத்தான் அளவுகோல்: நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக நடக்க வேண்டும். சட்டென்று நின்றால் இந்த மாத்திரைகள் போடுபவர்களுக்குத் தலை சுற்றும். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் ஆகட்டும். மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியலில் குளிர் கடுமையாக இருக்கும். குளிர்காற்று ரத்தக்குழாயைச் சுருக்கும் என்பதால் வெயில் ஏறியபின் காதைக் கட்டிக்கொண்டு நடப்பது நல்லது. சித்திரையில் எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வியர்த்துக் கொட்டுவது என்று எது வந்தாலும் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும், ‘வீடு பக்கத்தில்தானே’ என்று நடக்கக் கூடாது.

தோட்டத்துக்குப் போவது என்பது ஒரே வேலை இல்லை. தோட்டத்தைச் சுற்றி வருவது, மோட்டார் ஸ்டார்ட்டரைப் போடுவது, ஆட்களுக்கு வேலை சொல்வது, உட்கார்ந்து தக்காளி தரம் பிரிப்பது எல்லாம் நான்காவது ஐந்தாவது வாரத்திலேயே செய்யலாம். அது மனசுக்கும் மருந்து. தக்காளிப் பெட்டியைத் தூக்குவது வேறு. நிரம்பிய பெட்டி இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தூக்கும்போது மூச்சை அடக்கித் தம் கட்டுகிறோம், அந்த நொடியில் ரத்த அழுத்தம் எகிறுகிறது. ஆறாவது வாரம் வரை ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். முதுகில் மாட்டும் 16 லிட்டர் ஸ்பிரேயர் தண்ணீரோடு இருபது கிலோவைத் தொடும், அதோடு ஏறு வெயிலும் மருந்து வாடையும் சேரும். அதை இந்தப் பருவம் முழுக்க வேறு ஆளிடம் விடுங்கள். மண்வெட்டி பிடித்துக் கொத்துவதும் வரப்பு வெட்டுவதும் இதயத்துக்குக் கடினமான வேலை. டிரெட்மில் டெஸ்ட் செய்து பார்த்து, இரண்டு மூன்று மாதம் கழித்து, அதுவும் பத்து நிமிடம் வெட்டி ஐந்து நிமிடம் ஓய்வு என்று தொடங்கலாம். மா அறுவடையில் இரண்டு விஷயம். தலைக்கு மேல் கையைத் தூக்கித் தொரட்டி பிடித்துக்கொண்டே நிற்பது இதயத்துக்குக் காலால் நடப்பதைவிட அதிகச் சுமை. மரம் ஏறுவது இந்த வருடம் வேண்டவே வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை போடுபவர் கிளையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாமல் உள்ளே கசியும்.

சாப்பாட்டில் முதல் வேலை உப்பு. ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன். சாப்பிடுகிறவர் யாரும் ஸ்பூனால் அளப்பதில்லை, அதனால் வீட்டுக்கான கணக்கைச் சொல்கிறேன். வீட்டில் நான்கு பேர் என்றால் நாளைக்கு 20 கிராம், ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பாக்கெட்டைப் பிரித்த தேதியைப் பேனாவால் அதன்மேலேயே எழுதிவையுங்கள். பல வீடுகளில் இருபது இருபத்தைந்து நாளிலேயே தீர்ந்துவிடும். ஒரேயடியாகக் குறைத்தால் யாரும் சாப்பிட மாட்டார்கள். வாரத்துக்கு வாரம் ஒரு சிட்டிகை குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். காலையில் கூழுக்கோ மோர்ச்சோற்றுக்கோ தொட்டுக்கொள்ளும் மாங்காய் ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு மூன்றும்தான் இங்கே பெரிய உப்பு மூட்டை. ஒரு ஸ்பூன் ஊறுகாயிலேயே ஒரு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். அதற்குப் பதில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், அப்போதே அரைத்த கொத்தமல்லித் துவையல். கல்லுப்பு, இந்துப்பு எல்லாம் அதே சோடியம்தான், விலைதான் வேறு. ‘லோ சோடியம்’ உப்பில் பொட்டாசியம் இருக்கும். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ராமிப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரனோலேக்டோன் போடுபவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பையே குழப்பலாம், கேட்காமல் வாங்காதீர்கள்.

எண்ணெயும் இதே கணக்குத்தான்: ஆளுக்கு மாதம் அரை லிட்டர், நான்கு பேருக்கு இரண்டு லிட்டர். இந்த அளவுக்குள் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் சரி. தேங்காய் எண்ணெய், பாமாயில், நெய், வனஸ்பதி எல்.டி.எல்.லை ஏற்றும். செக்கில் ஆட்டினால் கொழுப்பு ஏறாது என்பதை நம்ப வேண்டாம், செக்கு எண்ணெயும் ஒரு ஸ்பூனுக்கு அதே கலோரி. வடை சுட்ட எண்ணெயை மறுநாள் குழம்புக்கு ஊற்றும் பழக்கத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். வீட்டு எருமைப்பாலாக இருந்தால் காய்ச்சி ஆறவைத்து ஆடையை எடுத்துவிட்டுத் தயிராகத் தோய்க்கலாம்.

இப்போது களி. நிறுத்த வேண்டியதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கால்சியம் 350 மில்லிகிராமுக்கு மேல், ஃபுளோரைடு தண்ணீர் குடித்த எலும்புக்கு அது வேண்டும். ஆனால் கேழ்வரகு சர்க்கரையை ஏற்றாது என்பது பாதி உண்மை. அதிலும் நூறு கிராமுக்கு 67 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நைசாக அரைத்த மாவு, அதோடு அரிசி நொய் சேர்த்துக் கிண்டிய களி சர்க்கரையை நன்றாகவே ஏற்றும். இன்னொன்று, களியை நாம் மெல்லுவதில்லை, குழம்பில் தொட்டு விழுங்குகிறோம். வயிறு நிறைந்தது தெரிவதற்குள் இரண்டு உருண்டை உள்ளே போய்விடும். ஆகவே மூன்று மாற்றம் போதும். நொய்யை விட்டுவிட்டு மாவை மட்டும், சற்றுக் கொரகொரப்பாக அரைத்து, கிண்டுங்கள். ஒரு வேளைக்கு 60 முதல் 70 கிராம் மாவு. ஒரே ஒரு நாள் தராசில் நிறுத்து, அது எந்த டம்ளரில் எந்த மட்டம் வருகிறது என்று அம்மா பார்த்துவைத்துக்கொண்டால் போதும், பிறகு தராசு வேண்டாம். உருண்டை சிறுத்ததும் தட்டு காலியாகத் தெரியும், அங்கேதான் பலர் தோற்கிறார்கள். அந்த இடத்தைக் கீரைக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு, தட்டைப்பயறு என்று கெட்டியாக இரண்டு கரண்டி வைத்து நிரப்புங்கள், தண்ணீர்ச் சாறாக வேண்டாம்.

ஓட்ஸ் கொலஸ்ட்ராலைச் சற்றுக் குறைக்கும் என்பது உண்மைதான், பிடித்தால் சாப்பிடட்டும். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டில் உப்பு அதிகம், அது வேண்டாம். எது அவர் உடம்புக்கு ஒத்துவருகிறது என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: ஒரு நாள் களி, ஒரு நாள் சோறு, ஒரு நாள் சாமை, ஒரு நாள் ஓட்ஸ், சாப்பிடத் தொடங்கியதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிவையுங்கள். 180-க்குள் நிற்கும் சாப்பாடு அவருக்கு ஏற்றது. எந்தக் கட்டுரையையும்விட, என் பதிலையும்விட, அந்த நான்கு எண்கள் நம்பகமானவை.

கீரை கூடாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது வார்ஃபரின், அசிட்ரோம் என்ற வேறு வகை ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை போடுபவர்களுக்கான எச்சரிக்கை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரலுக்குக் கீரையால் எந்தத் தடையும் இல்லை. உப்பில்லாத வேர்க்கடலை தினம் ஒரு கைப்பிடி நல்லது. முட்டையின் மஞ்சள் கரு சர்க்கரை உள்ள இதய நோயாளிக்கு எவ்வளவு வரை சரி என்பது முடிவாகாத விஷயம். வாரம் மூன்று நான்கு என்று வைத்துக்கொள்வது நிதானமான வழி, வெள்ளைக்கருவுக்குக் கட்டுப்பாடு இல்லை. அணை மீனோ ஒகேனக்கல் மீனோ குழம்பாக வைக்கலாம், பொரிக்க வேண்டாம். திருவிழாவுக்குக் கிடா வெட்டினால் கொழுப்பில்லாத இரண்டு துண்டு தின்றால் ஒன்றும் ஆகிவிடாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் குழம்பைச் சூடாக்கி ஊற்றிக்கொள்வதுதான் கெடுதல். சொந்தத் தோப்பில் பழம் பழுக்கும்போது மாம்பழமே கூடாது என்று சொல்லிப் பயனில்லை. நூறு கிராம், அதாவது ஒரு சின்னக் கன்னம், களிக்கோ சோற்றுக்கோ மேலே இல்லாமல் தனி வேளையில், சாறாக இல்லாமல் துண்டாக. சாராயமும் பிராந்தியும் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

இதெல்லாம் அப்பாவுக்கு மட்டும் தனிச்சட்டியில் என்று ஆரம்பித்தால் இரண்டு மாதம் தாண்டாது. மற்றவர்கள் காரசாரமாகத் தின்னும்போது தனியாக உப்பில்லாமல் தின்கிறவருக்குத் தான் நோயாளி என்பது ஒவ்வொரு வேளையும் நினைவூட்டப்படுகிறது. குடும்பத்துக்கே ஒரே சட்டி என்று வையுங்கள். அட்டாக் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மன அழுத்த நோய் வருகிறது. நம் ஊர் ஆண்கள் அதை ‘மனசு சரியில்லை’ என்று சொல்ல மாட்டார்கள். எரிந்து விழுவார்கள், தூங்க மாட்டார்கள், மாத்திரையைத் தட்டிவிடுவார்கள், தோட்டத்துக்கே போகப் பிடிக்காது என்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், 14416 டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். எழுந்தால் நடந்தால் கத்துவதும் ஒரு விதத்தில் அவரை முடக்கும். கணக்கு வழக்கும் மண்டி விலையும் அவரிடமே கேளுங்கள். தாம்பத்தியம் பற்றி அவர் மருத்துவரிடம் தனியாகக் கேட்க வாய்ப்புக் கொடுங்கள். வீரியத்துக்கென்று கடையில் விற்கும் மாத்திரையும் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும் என்பதை மட்டும் அவருக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

அந்த சார்பிட்ரேட் 5 மில்லிகிராம் கொடுத்திருந்தால் சட்டைப்பையிலும் தலைமாட்டிலும் இருக்கட்டும். நெஞ்சுவலி வந்தால் உட்காரவைத்து, நின்றபடி அல்ல, ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் 108. கேஸ் என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுப்பதிலும் ஓமத்தண்ணீர் கொடுப்பதிலும்தான் முதல் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலும் வியர்வையுமாக வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதயம் காப்போம் திட்டத்தில் முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து அது எவ்வளவு தூரம், இராத்திரி யார் வண்டி எடுப்பார்கள் என்பதை இன்றைக்கே பேசிவையுங்கள்.

அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, மீதியிருக்கும் மாத்திரை அட்டைகள், சர்க்கரை எழுதிய நோட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் எல்.டி.எல்., மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்க வேண்டும். முதல் எக்கோவில் பம்பிங் குறைவாக இருந்திருந்தால் மறு எக்கோ எப்போது என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஃபுளூ தடுப்பூசி போடலாமா என்றும் கேளுங்கள், அட்டாக் வந்தவர்களுக்கு அதனால் பலன் உண்டு என்பது உறுதியாகியிருக்கிறது. ஆணுக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு என்றால் அது குடும்பத்துக்கான எச்சரிக்கையும்கூட. நீங்களும் உங்கள் கூடப்பிறந்தவர்களும் வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிபி மூன்றையும் இந்த மாதமே பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவை அழைத்துப் போகும் அன்றைக்கே நீங்களும் கையை நீட்டிவிட்டால் தனியாக ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்காது.